தார்ப்பாயும் பட்டறைக்கல்லும்

என் தங்கை மகள் கவிதாவின் கல்யாணத்தில், பெண்ணழைப்பு அன்று, மணப்பெண்ணை நெல் மூடும் தார்ப்பாய்க்குள் உட்காரவைத்துச் சிதம்பரம் மேல வீதி வழியாக ஊர்வலம் விட்டவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு மேல வீதியின் இரு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தொடரில் என் அசட்டுத்தனங்களை வாரம் ஒன்றாகத் தவணை முறையில் ஒப்புக்கொண்டு வருகிறேன். ஸ்கூட்டர் கற்றுக்கொண்டதையும், அந்த ஸ்கூட்டரிடமிருந்து கடலூர் தப்பித்ததையும் படித்த சிலர், “இவ்வளவுதானா சார்?” என்று கேட்கிறார்கள். இவ்வளவு இல்லை.

அது ஆவணி மாதம். சாயங்காலம். திறந்த ஜீப் ஒன்றைச் சாமந்தியும் ரோஜாவுமாக ஜோடித்து நிறுத்தியிருந்தார்கள். வானத்தில் கிழக்கிலிருந்து மேற்குவரை ஒரே சாம்பல் நிறம். அண்ணாந்து பார்த்தேன். பார்த்தது தப்பில்லை. பார்த்துவிட்டு வாயைத் திறந்ததுதான் தப்பு.

“இது கார்படை மேகம். ஆரம்பிச்சா ராத்திரி பூரா விடாது. பெண்ணை இப்படியே கூட்டிக்கிட்டுப் போக முடியாது.”

புவனகிரியில் நெல் வியாபாரம் செய்யும் ஒரு நண்பரிடமிருந்து நீலத் தார்ப்பாய் ஒன்றைக் காலையிலேயே இரவல் வாங்கி வைத்திருந்தேன். முன்யோசனை என்று அதற்குப் பெயர். ஜீப்பின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, மேலேயும் மூன்று பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். உள்ளே சீரியல் பல்பு எரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மீன் தொட்டி நகர்ந்து போவதுபோல் இருந்தது. மீன் மட்டும் தெரியவில்லை.

மீன் தும்மிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் மடிப்புகளில் போன அறுவடையின் உமித்தூள் அப்படியே இருந்தது. பேண்டு வாத்தியம் ஒரு கணம் ஓயும்போதெல்லாம் உள்ளிருந்து “அச்” என்று ஒரு சத்தம் வந்தது.

வீதி ஓரத்தில் பூக்கடை அம்மாள் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “உள்ள எந்தக் கோயில் சாமிங்க?” என்று கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வேறொரு குரல்: “நெல்லு லோடுக்கு எதுக்குய்யா பேண்டு செட்டு?”

பெண்ணின் அப்பா, அதாவது என் தங்கை சரோஜாவின் கணவர் ராமலிங்கம், என் பக்கத்தில் நடந்து வந்தார். கடலூர் முதுநகர் ரயில் நிலையத்தில் வேலை. வண்டி தாமதமானால் பயணிகளுக்கு எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில் எதையும் சொல்வார்.

“மச்சான், ஒரு சொட்டாவது வுழுந்துதா பாருங்க.”

“வரும் மாப்ளே. இந்த மேகம் ஏமாத்தாது.”

“மேகத்தச் சொல்லல மச்சான்.”

மண்டபத்து வாசலில் பெண்ணை இறக்கியபோது, மேகத்தின் நடுவில் ஒரு சந்து விட்டது. அதன் வழியாக நிலா எட்டிப் பார்த்தது. வரவேற்க ஆரத்தித் தட்டோடு நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதலில் நிலாவைப் பார்த்தார்கள். பிறகு தார்ப்பாயைப் பார்த்தார்கள். அதன்பின் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். எனக்கே கேட்கும்படிதான் சொன்னார்கள்.

“மூடி எடுத்தாந்திருக்காங்களே, பொண்ணுக்கு ஏதாச்சும் கொறயா?”

சரோஜாவுக்கும் அது கேட்டது. அவள் உள்ளே போய், மணப்பெண் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பல வருடம் அலைந்து அமைந்த சம்பந்தம் அது. சிதம்பரத்தில் பெரிய குடும்பம். சம்பந்தி வேணுகோபால் சிரிக்காத மனிதர். சிரித்தால் அது நம்மைப் பார்த்துத்தான் இருக்கும் என்று சரோஜா பயந்துகொண்டே இருந்தாள். அந்தப் பயத்தின்மேல் நான் தார்ப்பாய் போர்த்தினேன்.

ஏன் ஒருவரும் தடுக்கவில்லை

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவருவது தாய்மாமனின் உரிமை. அன்று ஒருநாள் மட்டும் அவன் சொன்னால் சொன்னதுதான். அப்பாகூட மறுத்துப் பேச மாட்டார். வருடத்தின் மற்ற நாட்களில் அவன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால், அந்த ஒரு நாளில் அவன் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசிவிடுகிறான்.

என்னைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் அப்போது ஊரில் இல்லை. என் மனைவி எழிலரசி. கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அன்று பள்ளியில் தேர்வு. அதை முடித்துவிட்டு, சீர்வரிசைத் தட்டுகளோடு கடைசி வேனில் வந்து இறங்கினாள். இறங்கியவள் வானத்தைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“படைத்திரள்” என்றாள். தட்டுகளை எண்ணி உள்ளே அனுப்பப் போய்விட்டாள்.

இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறாள். ஒரு மேகத்தின் பெயரால் திட்டியது அதுவே முதல் தடவை.

நான் நிபுணன் ஆன விதம்

கடல் ஊருக்குள் வந்துபோன அந்த மார்கழிக்குப் பிறகு கடலூரில் பலருக்குப் பார்வை மாறிவிட்டது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கிழக்கே தென்னந்தோப்புகள் தெரியும். அதற்கப்பால் கடல் இருப்பது தெரியாது, ஆனால் தெரியும். காலையில் மாடிக்குப் போகிறவர்கள் எல்லாம் கிழக்கே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் மேலே பார்க்க ஆரம்பித்தேன்.

மேலே பார்த்தால் மேகம் இருந்தது. மேகத்தைப் பற்றி எழிலின் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருந்தது. ஒரு அத்தியாயம் படித்தவனைப்போல் ஆபத்தானவன் உலகத்தில் இல்லை. புத்தகம் முழுவதும் படித்தவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். படிக்காதவன் வாயைத் திறக்க மாட்டான்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அது தாழ்மேகம். செம்மண்டலத்திலிருந்து முதுநகர் போகிற தூரத்தில் பாதிகூட இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ள முடியாதா என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரைப் புரிந்துகொள்ள எத்தனை காலம் ஆயிற்று என்பதை மறந்துவிட்டேன்.

முதலில் படைமேகம். தை மாதத்துக் காலையில் சிதம்பரம் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது டிரைவர் விளக்கைப் போடுவார். எதிரே ஒன்றும் தெரியாது. ஈரக்காற்று அசையாமல் நின்று, மொத்தமாகக் குளிர்ந்து, துளித்துளியாக மிதக்கிறது. தரையில் கிடந்தால் அது மூடுபனி. கொஞ்சம் எழுந்து தலைக்கு மேலே நின்றால் படைமேகம். அது தூறல் போடும். அதற்குமேல் அதற்குத் தெம்பு கிடையாது.

அடுத்தது திரள்மேகம். வெயில் தரையைச் சுடவைக்க, தரை காற்றைச் சுடவைக்க, அந்தக் காற்று குமிழி குமிழியாக மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குறிப்பிட்ட ஓர் உயரத்தில் அதன் ஈரம் நீர்த்துளியாக மாற ஆரம்பிக்கும். ஒரே வட்டாரத்தில் எல்லாக் குமிழிக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதனால்தான் திரள்மேகங்களின் அடி ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கிறது. பேக்கரியில் தட்டு நிறையப் பன் அடுக்கியதுபோல, கீழே தட்டை, மேலே உப்பல்.

மூன்றாவது படைத்திரள். என்னைக் கவிழ்த்தது. திரள்மேகம் ஏறும்போது சில நாட்களில் மேலே சூடான காற்று ஒன்று மூடி போட்டதுபோல் நிற்கும். ஏறிவந்த மேகம் அதில் தலையை இடித்துக்கொண்டு, அதற்குமேல் போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவும். பக்கத்து மேகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் தையல் போட்ட பஞ்சு மெத்தைபோல வானத்தையே மூடிவிடும். பார்க்கப் பயமுறுத்தும். பெய்யாது. மேலே போக முடியாமல் பக்கவாட்டில் பருத்து, முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் அலுவலகத்தில் நிறைய உதாரணம் உண்டு. முதல் உதாரணம் நாற்காலியில் என் பெயரில் உட்கார்ந்திருந்தது.

கார்படை என்பது வேறு. அது ஐப்பசி கார்த்திகையில் வருவது. சூரியன் இருக்கும் இடமே தெரியாமல், அடி கந்தலாகத் தொங்கிக்கொண்டு, நாள்கணக்கில் பெய்வது. ஆவணியில் அதை எதிர்பார்த்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்தப் பெயர்களை எல்லாம் நான் அலுவலகத்தில் டீ வருவதற்கு முன்பே ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லிவிடுவேன். வீட்டில் சொன்னபோது எழில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “பேரு தெரிஞ்சா போதாதுங்க. மூஞ்சி தெரியணும்.”

தலை எப்படி, அடி எப்படி?

எழிலின் வகுப்பை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மதியச் சாப்பாட்டு டப்பாவை மறந்து போய்விட்டாள் என்று கொண்டுபோனேன். வகுப்பறை காலியாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில், இரட்டைச் சடையும் ரிப்பனுமாக வரிசையில் நின்று, வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலை எப்படி?” என்று எழில் கேட்டாள்.

“உப்பி இருக்கு டீச்சர்!” என்று ஒரே குரலில் பதில் வந்தது.

“அடி எப்படி?”

“தட்டை டீச்சர்!”

“அப்ப யாரு?”

“திரள்மேகம் டீச்சர்!”

எந்த மேகமானாலும் இதே கேள்விகள்தாம். படத்தைக் காட்டி அவள் மேகப் பாடம் நடத்தியதே கிடையாது. “மானத்தையே ஓசியில மாட்டி வெச்சிருக்காங்க, அட்டையில வரைஞ்சது எதுக்கு?” என்பாள். அந்த ஊரில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வளர்ந்த பெண்கள் பல வருடத்துக் கூட்டம். மருந்துக்கடையில், வங்கியில், பஸ்ஸில், எங்கே போனாலும் யாராவது ஒருத்தி எழுந்து நின்று, “வணக்கம் டீச்சர்” என்பாள். பக்கத்தில் இருக்கும் எனக்கு, “நீங்க ஜியாகிரபி டீச்சர் வூட்டுக்காரர்தானே?” என்பதுதான் அதிகபட்ச மரியாதை. ஆரம்பத்தில் இது எனக்கு உறுத்தியது. நாளடைவில் பழகி, அப்புறம் நானாகவே அப்படி அறிமுகம் செய்துகொள்ள ஆரம்பித்தேன். காய்கறிக் கடையில் அதற்குக் கொத்தமல்லி சும்மா கிடைக்கும்.

அந்தக் கேள்வி பதிலில் ஒரு மேகத்துக்கு மட்டும் நாலாவது கேள்வி உண்டு. கார்திரள் மேகம்.

அது திரள்மேகமாகத்தான் பிறக்கும். அடி தாழ்வாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தடுக்க அன்றைக்கு மேலே மூடி இருக்காது. காலிஃபிளவர்போல் பொங்கிப் பொங்கி ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வானத்தின் கூரையில் போய் இடித்து, அங்கே தலை தட்டையாகப் பரவும். கொல்லன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் கல் இருக்கிறதே, மேலே அகன்று பக்கத்தில் மூக்கு நீட்டிக்கொண்டு, அப்படி. அந்தத் தலை வந்துவிட்டால் உள்ளே மழை தயார். அந்த மழை குளிரவைத்த காற்று கனத்துப்போய்த் தொப்பென்று கீழே விழும். தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும். மழைக்கு முன்னால் வந்து கூரையைப் பிய்ப்பது அந்தக் காற்றுதான்.

“தலை எப்படி?”

“பட்டறைக்கல் டீச்சர்!”

“பட்டறைக்கல்லப் பாத்தா என்ன செய்யணும்?”

“ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மரத்தடியில நிக்கக் கூடாது. வரிசையா கிளாசுக்குள்ள போகணும் டீச்சர்!”

சாப்பாட்டு டப்பாவோடு நானும் வரிசையாக உள்ளே போனேன். இவ்வளவு பெரிய கேள்வி பதிலை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெண்ணழைப்புக்கு அடுத்த நாள் அது தேவைப்பட்டது.

வெளுத்த வானம்

அடுத்த நாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது வெளியே வெயில் பளபளவென்று அடித்தது. என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் வெயிலைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வணக்கம் சொன்னார்கள். தார்ப்பாயை விடிந்ததும் முதல் வேலையாகப் புவனகிரிக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். அது கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

சாயங்காலம் வரவேற்பு. மணமக்கள் மண்டபத்துக்குள் மேடையில். சாப்பாட்டுக்கு உள்ளே இடம் போதாது என்று பக்கத்துக் காலி மனையில் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். இரும்புக் கம்பம், ஜரிகைத் துணி, நடுவில் தொங்கும் விளக்குக் கொத்து, கம்பத்துக்குக் கம்பம் ஓடும் ஒயர், ஓரத்தில் பாட்டுக் கச்சேரி மேடை. கடலூர் ஆட்கள் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் முதல் பந்தியை வெயில் தாழ்வதற்கு முன்பே போட்டுவிட்டார்கள். சாம்பாரில் உப்பு சரியா என்று பார்ப்பது பெண் வீட்டாரின் கடமை. அந்தக் கடமைக்காக நானும் முதல் பந்தியில் உட்கார்ந்தேன்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த எழில், செம்பைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு மனையின் மேற்கு ஓரத்துக்குப் போனதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். அதுவரை கிழக்கிலிருந்து கடல்காற்று வந்து ஜரிகைத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. இலையில் வைத்த பப்படம்கூட அசையவில்லை. கழுத்துப் பட்டையில் வியர்த்தது.

திரும்பி வந்தவள் நேராகச் சரோஜாவிடம் போனாள். சரோஜா அப்போது சம்பந்தி வேணுகோபாலுக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் பக்கத்தில், என் இலைக்கு எதிரேதான் நின்றாள்.

“சரோ, பந்திய நிறுத்தி எல்லாரையும் மண்டபத்துக்குள்ள அனுப்பணும். இப்பவே.”

“என்னா அண்ணி?”

“மேக்கால பெரிசா ஒண்ணு ஏறி வருது. மழைய விடு, காத்து வரும். இந்தப் பந்தல் தாங்காது.”

சரோஜாவின் முகம் போன போக்கை நான் இப்போதும் மறக்கவில்லை. “அண்ணி, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். நேத்து அண்ணன் பண்ணுனது போதாதா? இன்னிக்கி நீங்களுமா?”

வேணுகோபால் பந்தலுக்கு வெளியே தலையை நீட்டி நேர் மேலே பார்த்தார். நேர் மேலே நீலமாகத்தான் இருந்தது. “மானம் வெளுத்துக் கெடக்குது” என்றார். “எலையில சோறு போட்டாச்சு. சாப்புடுறவங்கள எழுப்புறது எங்க வூட்டுல வழக்கமில்லீங்க.”

பந்தல்காரர் தன் பங்குக்கு ஒரு கம்பத்தைத் தட்டிக் காட்டினார். “காங்கிரீட்டு மாதிரி நட்டுருக்கேன்மா. யானை இழுத்தாலும் வராது.”

யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருடம் வானத்தை வைத்துப் பாடம் நடத்தியவளை அவர்கள் நம்பாததற்குக் காரணம் அவள் இல்லை. முதல் நாள் சாயங்காலம் நான் போய் அவள் பேச்சுக்குமேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

இதுவும் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பது எழிலுக்குத் தெரியும். சரோஜா அந்தக் குடும்பத்துக்கு முன்னால் இனி நிமிர மாட்டாள். ‘பெண் வீட்டில் எல்லோருமே ஒரு மாதிரி’ என்று முடிவாகிவிடும். கவிதா வாழப்போகிற வீடு அது. எழில் ஒரு கணம் பந்தலுக்குள் பார்த்தாள். வரிசை வரிசையாகக் குழந்தைகள், அவர்கள் தலைக்குமேல் ஒயர்.

பிறகு அவள் கச்சேரி மேடையில் ஏறினாள். “ஹலோ, ஒன், டூ” என்று சொல்லிக்கொண்டிருந்த பாடகரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை. வகுப்பில் படிக்காமல் கதைப்புத்தகம் வைத்திருக்கும் பிள்ளையிடமிருந்து எப்படி வாங்குவாளோ அப்படி.

“என்கிட்ட படிச்ச பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க.”

நான் மழை, ஓடுங்கள், காப்பாற்றுங்கள் என்று ஏதாவது எதிர்பார்த்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

முதலில் மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். கையில் பிசைந்த சோறு, இடுப்பில் குழந்தை. அப்புறம் அந்தப் பக்கம் இரண்டு பேர். பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி. மாப்பிள்ளை வீட்டு வரிசையிலும் எழுந்தார்கள். கடலூரில் படித்துச் சிதம்பரத்தில் வாக்கப்பட்டவர்கள். பந்தல் முழுக்க அங்கங்கே பட்டுப்புடவைகள் எழுந்து நின்றன. அவர்கள் புருஷன்மார்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தார்கள்.

“மேக்கால திரும்புங்க. அடி எப்படி?”

கொஞ்சம் தயக்கம். பிறகு கலவையான குரல்கள். “கருப்பு டீச்சர்!”

“தலை எப்படி?”

தென்னை மரங்களுக்கு அப்பால் சூரியனை மறைத்துக்கொண்டு அது நின்றது. ஓரமெல்லாம் வெள்ளிச் சரிகை. மேலே, மிக மேலே, தட்டையாகப் பரவி நம் பக்கம் மூக்கை நீட்டியிருந்தது.

“பட்டறைக்கல் டீச்சர்!”

இந்தத் தடவை ஒரே குரல்.

“பட்டறைக்கல்லப் பாத்தா என்ன செய்யணும்?”

அவர்கள் பதில் சொல்லவில்லை. செய்தார்கள். ஒருத்தி பக்கத்துக் குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாள். இன்னொருத்தி மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பி, “அத்தை, கத்தாம வாங்க, வரிசையா வாங்க” என்றாள். வரிசை மண்டபக் கதவை நோக்கி நகர ஆரம்பித்தது. பெண்டாட்டிகள் போனபின் புருஷன்மார்கள் உட்கார்ந்திருந்து என்ன செய்வது? அவர்களும் எச்சில் கையோடு பின்னால் போனார்கள். வேணுகோபாலின் சொந்த மருமகள், மூத்தவள், அவருக்கு முன்னால் நின்று, “மாமா, நீங்களும் வரிசையில வாங்க” என்றாள். அவர் போனார். ராமலிங்கம் ஜெனரேட்டர்காரரிடம் ஓடி விளக்கை நிறுத்தச் சொன்னார்.

கதவைத் தாண்டிக் கடைசி ஆள் உள்ளே போனதும் காற்று வந்தது. முதலில் முகத்தில் சில்லென்று மண் வாசனை. அடுத்து ஒரு இரைச்சல். ஜரிகைத் துணி மொத்தமாக உப்பி, ஒரு மூச்சு இழுத்ததுபோல் மேலே போனது. யானை இழுத்தாலும் வராத கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. விளக்குக் கொத்து நாங்கள் சாப்பிட்ட மேசையின்மேல் விழுந்து நொறுங்கியது. வாழை இலைகள் கிளிக் கூட்டம்போல் மண்டபச் சுவருக்கு மேலே பறந்து போயின. அதன்பிறகுதான் மழை.

பந்தலுக்குக் கீழே ஒரு ஆள் இல்லை.

பெருமை

ஜன்னல் ஓரமாக எல்லோரும் நின்று பார்த்தோம். வேணுகோபாலின் வீட்டம்மா எழிலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சரோஜா அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். முதல் நாள் அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். கவிதா மேடையிலிருந்து மாலையோடு இறங்கி வந்து, “அத்தை, நான் உங்க கிளாஸ்ல படிக்கவே இல்லியே” என்றாள். “அதனாலதான் நேத்து தார்ப்பாய்க்குள்ள உட்காந்த” என்றாள் எழில்.

வேணுகோபால் என்னிடம் வந்தார். முதல் தடவையாகச் சிரித்தார். “ஒண்ணு சொல்லட்டுங்களா? நேத்து நீங்க மட்டும் சும்மா இருந்திருந்தா, இன்னிக்கி அம்மா வாயத் தொறந்ததுமே எழுந்திருப்போம்.”

“மச்சான்” என்று ராமலிங்கம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். “சமையக்கட்டு நனையுது. அந்தத் தார்ப்பாய் எங்க வெச்சிருக்கீங்க?”

எதுவும் எனக்கு உறைக்கவில்லை. நான் வேறொரு உயரத்தில் இருந்தேன். உள்ளே பாய் விரித்துத் திரும்பப் பந்தி போட்டபோது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், “மைக்கில பேசினாங்களே, அவுங்க வூட்டுக்காரர் நான்தான்” என்று சொல்லிக்கொண்டே போனேன். பந்தல்காரரிடமும் சொன்னேன். அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத பதவி உயர்வுகள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சாயங்காலத்தில் கிடைத்ததுபோல் இருந்தது. மூடி திறந்து மேலே ஏறின மேகம் எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்து மறுவீட்டுக்கு வந்த மணமக்கள் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கும் விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை அன்று மேடையில் மாட்டிக்கொண்டு எதையும் பார்க்கவில்லை என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? பட்டறைக்கல்லிலிருந்து ஆரம்பித்தேன். இடைவெளி விட்டு, குரலை ஏற்றி இறக்கி, கம்பம் சாய்வதைக் கையால் காட்டி, “உங்க அத்தை வாயிலேருந்து சொல் வந்ததுதான் தாமதம், ஒருத்தர் பாக்கியில்லாம எழுந்துட்டோம்” என்று முடித்தேன்.

சமையலறையிலிருந்து ரசக் கிண்ணத்தோடு வந்த எழில் அதை மாப்பிள்ளையின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எல்லாரையும் நான் மைக்குலதான் எழுப்புனேன் தம்பி. ஒரே ஒருத்தர மட்டும் எறங்கிப் போயி கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு. ஐஸ்கிரீம் இன்னும் வரலையாம்.”